சுற்றுலாச் சட்டம்: பினாங்கில் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜார்ஜ்டவுனில் நீல அட்டை, அதாவது நகரச் சுற்றுக்கான உரிமம், வைத்திருக்கும் சுற்றுலா வழிகாட்டி நான். லெபோ குவீன் மாரியம்மன் கோயில் வாசலில் குழுவுக்காகக் காத்திருக்கும்போதும், தண்ணீர்மலைப் படியில் மூச்சு வாங்க நிற்கும்போதும் யாராவது வந்து, "தங்கச்சி, இந்த லைசென்ஸ் விஷயம் ஒன்று கேட்கணும்" என்பார்கள். வேன் ஓட்டும் அண்ணன்மார், கொண்டோவை நாள் வாடகைக்கு விடுபவர்கள், யாத்திரைக்குப் பணம் கட்டிவிட்டுத் தவிக்கும் பெரியவர்கள், மகளை இந்தத் தொழிலுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் அம்மாக்கள் என்று பலரும் கேட்பதுண்டு. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

2026-ஐ வருகை ஆண்டாக அறிவித்து, 3 கோடியே 56 லட்சம் பேரை வரவழைக்க இலக்கு வைத்த நாடு நம் மலேசியா. ஆனால் வருகிறவர்களைக் கவனித்துக்கொள்ளும் முதன்மைச் சட்டம் 1992-ல் எழுதியது. இனியும் ஒட்டுப்போட்டுத் தைப்பதை விட்டுவிட்டு, அதைப் புதிதாக எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரணங்களைப் பதில்களுக்குள்ளேயே சொல்கிறேன்.

இப்போது நடப்பில் இருப்பது எந்தச் சட்டம்?

ஒன்றல்ல, பல. 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டம், அதாவது சட்டம் 482, பயண நிறுவனங்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் உரிமம் கொடுக்கிறது, தங்கும் விடுதிகளைப் பதிவு செய்கிறது. அதே ஆண்டு வந்த சட்டம் 481, சுற்றுலா மேம்பாட்டு வாரியத்தை அமைத்தது. 1972 முதல் இருந்த சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் இடத்துக்கு அந்த வாரியம் வந்தது. வாரியத்தின் வேலை நாட்டை விளம்பரப்படுத்துவது. உரிமம், சோதனை, நடவடிக்கை எல்லாம் மோத்தாக் என்று நாம் சொல்லும் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் கையில். பலர் புகாரை வாரியத்திடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அமைச்சிடம் போங்கள்.

அப்புறம் 2017 சுற்றுலா வரிச் சட்டம் இருக்கிறது, அதைச் சுங்கத் துறை நடத்துகிறது. சுற்றுலா வேனுக்கும் பஸ்ஸுக்கும் தீபகற்பத்தில் 2010 தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டம். சபா, சரவாக், லாபுவானில் அதற்கே 1999-ல் வந்த வேறு சட்டம். அடுக்குமாடி வீடு என்றால் 2013 ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம். பழைய கட்டடம் என்றால் 2005 தேசிய மரபுடைமைச் சட்டம், அதோடு மாநகர் மன்றத்தின் விதிகள். ஒரு கடைவீட்டை வாங்கி மேல்மாடியில் நான்கு அறை போட்டு, கீழே காப்பிக்கடை வைத்து, விருந்தினரை ஊர் சுற்றிக் காட்டவும் நினைக்கிற ஒருவர் இத்தனை வாசலிலும் ஏறி இறங்க வேண்டும்.

1992 சட்டத்தில் அப்படி என்ன குறை?

அந்தக் காலத்தில் டிக்கெட் வாங்கக் கடைக்குப் போவோம். மேசைக்குப் பின்னால் ஒருவர் இருப்பார், சுவரில் உரிமம் தொங்கும். ஏமாற்றினால் அந்தக் கடை வாசலில் போய் நிற்கலாம். சட்டம் மனத்தில் வைத்தது அந்தக் கடையைத்தான். அலுவலகம் எங்கே, பலகை இருக்கிறதா, உரிமம் யார் பெயரில் என்று கேட்கத் தெரிந்த சட்டம் அது.

இன்று சென்னையில் இருக்கும் குடும்பம் ஜார்ஜ்டவுன் நடைச்சுற்றைக் கைப்பேசியில் பதிவு செய்கிறது. தளம் ஒரு நாட்டில், பணம் போகும் வங்கி இன்னொரு நாட்டில், இங்கே வந்து நிற்பவரோ அட்டை இல்லாத ஒருவர். ஏதாவது தவறிப்போனால் யாரைக் கேட்பது? வெளிநாட்டில் உட்கார்ந்து விற்கும் தளத்தை எட்டிப் பிடிக்க அந்தச் சட்டத்துக்குக் கை போதவில்லை.

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். வரி என்று வந்தபோது முடிந்திருக்கிறது. சுற்றுலா வரிச் சட்டத்தைத் திருத்தி, 2023 ஜனவரி 1 முதல் இணையப் பதிவுத் தளங்களே வரியை வசூலித்துச் சுங்கத் துறையிடம் கட்ட வேண்டும் என்று ஆக்கினார்கள். வரிக்குத் தளத்தைக் கண்டுபிடித்த சட்டம், பயணியின் பாதுகாப்புக்கும் அதே தளத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

காசி யாத்திரைக்குக் கட்டிய பணம் போய்விட்டது. திரும்பக் கிடைக்குமா?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. என் அத்தைக்கும் இது நடந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாமா இறந்த பிறகு காசி, கயா, ராமேஸ்வரம் என்று ஒரு பேக்கேஜுக்கு அத்தை 4,200 ரிங்கிட் கட்டினார். பணம் வாங்கியவர் கோயிலில் பழக்கமானவர், பொட்டு வைத்துக்கொண்டு பணிவாகப் பேசுபவர். புறப்படும் தேதி மூன்று முறை தள்ளிப்போனது, அப்புறம் போனே எடுக்கவில்லை. ரசீதைப் பார்த்தேன். வணிகப் பதிவு எண் மட்டும் இருந்தது.

இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். எஸ்எஸ்எம் பதிவு, அதாவது மலேசிய நிறுவன ஆணையத்தின் வணிகப் பதிவு, ஒருவர் வியாபாரம் நடத்துகிறார் என்பதற்கு மட்டுமே சான்று, சுற்றுலா நடத்த அது போதாது. சட்டம் 482-ன்படி அந்த உரிமம் நிறுவனத்துக்குத்தான் கிடைக்கும். தனி ஆள் பெயரிலோ, என்டர்பிரைஸ் என்ற சிறு வணிகப் பதிவிலோ கிடைக்காது. வெளிநாட்டுப் பயணம் நடத்த உரிமத்தில் அதற்கென அனுமதி இருக்க வேண்டும், உம்ராவுக்கு அதற்கென்று தனி உரிமம். ஆகவே பணம் கட்டும் முன் உரிம எண்ணைக் கேளுங்கள், அமைச்சின் இணையப் பட்டியலில் நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள், அந்த நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கே பணத்தை அனுப்புங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் கட்டாதீர்கள். எவ்வளவு சாமி பக்தி உள்ளவராக இருந்தாலும் சரி.

பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் கோர வேண்டும். வக்கீல் தேவையில்லை, பொதுவாக அனுமதிப்பதும் இல்லை. உங்கள் கதையை நீங்களே சொல்ல வேண்டும். தீர்ப்பு வந்து 14 நாளில் எதிர்த்தரப்பு பணத்தைக் கொடுக்காவிட்டால் அது குற்றம். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அரை மணி நேரத்தில் முழுப் பணத்தையும் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு வந்தது.

ஆனால் வந்து சேர்ந்தது 1,500 ரிங்கிட். மீதியைத் தர அந்த மனிதரின் கணக்கில் பணமே இல்லை. உத்தரவு கையில் இருந்தும் பெட்டி காலி.

ஹாங்காங்கில் பயணத் துறைக்கென ஓர் இழப்பீட்டு நிதி வைத்திருக்கிறார்கள். உரிமம் பெற்ற நிறுவனம் கைவிட்டால், வெளிநாட்டுப் பயணத்துக்குக் கட்டிய தொகையில் 90 விழுக்காடு வரை அதிலிருந்து கொடுக்கிறார்கள். 2022-ல் அங்கே பழைய சட்டத்தை எடுத்துவிட்டுப் புதியதைக் கொண்டுவந்தபோதும் அந்த நிதியை விடவில்லை. நமக்கும் அது வேண்டும். வாடிக்கையாளர் பணத்தைப் பயணம் முடியும்வரை தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்ற விதியும் கூடவே வேண்டும். என் அத்தையிடம் பணம் வாங்கியவருக்கு உரிமமே இல்லை, அதனால் இந்த நிதி இருந்திருந்தாலும் அத்தைக்கு உதவியிருக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் உரிமம் உள்ளவரிடம் கட்டினால் பணம் போகாது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடிகிற நாளில்தான் ஜனங்கள் உரிம எண்ணைக் கேட்கத் தொடங்குவார்கள்.

ஹோட்டல் பில்லில் இத்தனை வரி ஏன்? எது நியாயமானது?

அறை 200 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். சேவை வரிக்குப் பதிவு செய்த விடுதியில் அதற்கு 8 விழுக்காடு, அதாவது 16 ரிங்கிட். 2024 மார்ச்சுக்கு முன்பு இது 6 விழுக்காடு. தங்குபவர் வெளிநாட்டவர் என்றால் இரவுக்கு, அறைக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இது கிடையாது. பினாங்கில் 2014 ஜூன் முதல் ஊராட்சிக் கட்டணம் ஒன்றும் உண்டு, மூன்று நட்சத்திரம் வரை 2 ரிங்கிட், நான்கு, ஐந்து நட்சத்திரத்துக்கு 3 ரிங்கிட். ஆக மதுரையிலிருந்து வந்த உங்கள் சித்தப்பா நான்கு நட்சத்திர விடுதியில் 229 கட்டுவார், நீங்கள் 219 கட்டுவீர்கள். ஆளுக்கு 10 என்று கேட்டால் தவறு. கணக்கு அறைக்குத்தான்.

அந்த 10 ரிங்கிட் பினாங்குக்கு வருகிறதா?

சுற்றுலா வரி கூட்டரசுக்குப் போகிறது. அதில் பாதியை மாநிலங்களோடு பகிர்வதாக 2019 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். மாநிலம் ஏன் நேரடியாக வசூலிக்கவில்லை என்றால், 1994-ல் அரசியலமைப்பைத் திருத்திச் சுற்றுலாவைக் கூட்டரசுப் பட்டியலில் சேர்த்தார்கள். நிலமும் ஊராட்சியும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. சுற்றுலா என்பது புத்ராஜெயாவின், அதாவது கூட்டரசின், விஷயம். ஆனால் பயணி நடக்கும் நடைபாதை, அவர் போடும் குப்பை, பத்து ஃபெரிங்கி சாலை நெரிசல் எல்லாம் இங்கே உள்ள மன்றத்தின் தலைவலி. புதிய சட்டம் எழுதுகிறவர்கள் இந்தப் பிளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஊராட்சியின் பங்கைச் சட்டத்திலேயே எழுதிவிட்டால் ஆண்டுதோறும் அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நாம் பேசினால் சட்டம் மாறுமா? நமக்கு யார் காது கொடுப்பார்கள்?

மாறியிருக்கிறது. சுற்றுலா வரி மசோதா 2017 ஏப்ரலில் மக்களவையில் நிறைவேறியபோது திட்டம் வேறு. ஐந்து நட்சத்திரத்துக்கு 20 ரிங்கிட், நான்குக்கு 10, மூன்று வரை 5, நட்சத்திரம் இல்லாத விடுதிக்கு 2.50. அதுவும் மலேசியர் உட்பட எல்லோருக்கும். ஈப்போவிலிருந்து தைப்பூசத்துக்கு வந்து சின்ன விடுதியில் தங்கும் குடும்பமும் கட்டியிருக்கும். ஹோட்டல்காரர்கள் பேசினார்கள், ஜனங்கள் பேசினார்கள், சரவாக் கோபித்துக்கொண்டு சுற்றுலா வாரியத்திலிருந்தே விலகியது. ஜூலைக்குள் மலேசியருக்கு விலக்கு, வெளிநாட்டவருக்கு ஒரே 10 ரிங்கிட் என்று மாற்றினார்கள். செப்டம்பர் 1-ல் நடப்புக்கு வந்தது. ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில் நடந்ததை ஒவ்வொரு கூட்டத்திலும் நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

என் கொண்டோவை நாள் வாடகைக்கு விடலாமா?

முதலில் உங்கள் கட்டட நிர்வாகத்தின் விதியைப் படியுங்கள். கோலாலம்பூர் மோண்ட் கியாராவில் உள்ள வெர்வ் சூட்ஸ் வழக்கில், 2020 அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. குறுகிய கால வாடகையைத் தடுத்து நிர்வாகக் கழகம் துணைவிதி போடலாம், உரிமையாளர் அதற்குக் கட்டுப்பட வேண்டும். சட்டத்தில் வீட்டை வாடகைக்கு விடுவதைத் தடுக்கக் கூடாது என்று இருக்கிறதே என்று உரிமையாளர்கள் வாதாடினார்கள். இரண்டு இரவு தங்குவது குத்தகை ஆகாது, வெறும் அனுமதிதான் என்றது நீதிமன்றம்.

பினாங்கில் இன்னும் இறுக்கம். 2023-ல் மாநில அரசு கொண்டுவந்த வழிகாட்டி விதிகளின்படி தீவில் குடியிருப்பு வீடுகளில் இதற்கு இடமில்லை. வணிக வகையைச் சேர்ந்த சர்வீஸ் அபார்ட்மெண்ட் போன்றவற்றில்தான், அதுவும் மற்ற உரிமையாளர்களின் ஒப்புதலோடு செய்யலாம். இதில் நான் குடியிருப்பவர்கள் பக்கம். பயான் லெப்பாஸில் என் தோழி வீட்டுக்கு மேலே வாரம் மூன்று குழு மாறுகிறது, நள்ளிரவில் பெட்டி உருட்டும் சத்தத்தில் அவள் பிள்ளை எழுந்துவிடுகிறது. கடன் கட்ட அந்த வாடகையை நம்பியிருக்கும் உரிமையாளரின் வருத்தமும் எனக்குப் புரிகிறது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் ஒரு விதி, கட்டடத்துக்குக் கட்டடம் ஒரு விதி என்று இருப்பதால்தான் அவர் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார். நாடு முழுதுக்கும் ஒரே பதிவு முறை வந்தால் வீடு வாங்கும்போதே அவருக்குத் தெரிந்துவிடும்.

சொந்த வேனில் பயணிகளை ஏற்றினால் என்ன?

பணம் வாங்கினால் அது கெரெத்தா சாப்பு, அதாவது உரிமம் இல்லாத வாடகை வண்டி. உரிமம் இல்லாமல் ஆள் ஏற்றி விபத்து நடந்தால் காப்புறுதி கைகொடுக்காது. அது ஒன்றே போதும், வேண்டாம் என்று சொல்ல.

மகளுக்கு வழிகாட்டி ஆக ஆசை. அனுப்பலாமா?

அனுப்புங்கள். மலேசியக் குடிமகளாக இருக்க வேண்டும், அமைச்சு ஏற்ற பயிற்சி நிலையத்தில் படிக்க வேண்டும், தேர்வு எழுத வேண்டும். பச்சை அட்டை காடு, மலை போன்ற இயற்கைத் தலங்களுக்கு. நீல அட்டை நகரச் சுற்றுக்கு, நாடு முழுதும் செல்லும். உரிமத்தைக் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும், அதற்குத் தொடர்கல்வி வகுப்புக்குப் போன சான்று காட்ட வேண்டும்.

தமிழுக்குத் தேவை இருக்கிறது. 2023 டிசம்பர் முதல் இந்தியக் குடிமக்களுக்கு 30 நாள் விசா விலக்கு. 2024 டிசம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடியாகப் பறக்கத் தொடங்கியது. வந்திறங்கும் பாட்டிமார் ஆங்கில விளக்கத்துக்குத் தலையாட்டிக்கொண்டே நடப்பார்கள். தமிழில் பேசியதும் முகம் மலர்ந்து, நகூர் தர்கா கதையைத் திருப்பி எனக்கே சொல்வார்கள். அந்தச் சந்தோஷம் இந்தத் தொழிலில் உண்டு.

சம்பளத்தைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். நம்மில் பெரும்பாலோர் நாள் கூலிக்காரர்கள்தான். குழு வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. நடந்து முடிந்த வேலைக்கு மூன்று மாதம் கழித்துப் பணம் தரும் நிறுவனத்தை நான் பார்த்திருக்கிறேன். கூலியே தராமல், பயணிகளைக் கடைக்கு அழைத்துப் போ, அங்கே கிடைக்கும் கமிஷனை எடுத்துக்கொள் என்று சொன்னவரையும் பார்த்திருக்கிறேன். முதல் ஆண்டில் நான் அப்படி ஒரு குழுவைக் கூட்டிப்போனேன். ஒரு பெரியவர் மருந்து எண்ணெய் வாங்கும்வரை கடையிலிருந்து வெளியே விடவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. மறுபடி அந்த வேலைக்குப் போகவில்லை.

அடக்க விலைக்கும் கீழே பேக்கேஜ் விற்றுவிட்டு, கடைக் கமிஷனில் ஈடுகட்டும் இந்த முறையைச் சீனா 2013-ல் கொண்டுவந்த சுற்றுலாச் சட்டத்தில் தடை செய்தது. நம் சட்டம் வழிகாட்டி அட்டை அணிந்திருக்கிறாரா என்று பார்க்கிறது. அவருக்குக் கூலி வந்ததா என்றும் பார்க்க வேண்டும். எழுத்து வடிவில் ஒப்பந்தம், இத்தனை நாளுக்குள் பணம், குறைந்தபட்ச நாள் கூலி, இந்த மூன்றும் சட்டத்துக்குள் வர வேண்டும். மகள் சேர்ந்தால் முதல் நாளே சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் சுயதொழில் காப்புறுதி பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். 2017-ல் டாக்சி ஓட்டுநர்களுக்காக வந்த அந்தத் திட்டம் 2020-ல் பல தொழில்களுக்கு விரிந்தது.

தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் உறவுக்காரப் பையன் வழிகாட்டி வேலை பார்க்கலாமா?

கூடாது. சுற்றுலாவுக்கு வந்தவர் வேலை செய்தால் குடிநுழைவுச் சட்டத்திலும் மாட்டுவார், அனுப்பிய உங்களுக்கும் தொல்லை.

சுற்றுலா வளர்ந்தால் லிட்டல் இந்தியாவுக்கு நல்லதுதானே?

வியாபாரத்துக்கு நல்லது. குடியிருப்பவர்களுக்கு எப்படி என்பது சட்டத்தைப் பொறுத்தது. 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948-க்கு முன்பு கட்டிய கட்டடங்களின் வாடகையை ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்தது. அதை நீக்கும் சட்டம் 1997-ல் வந்தது. கொடுத்த அவகாசம் 1999 முடிவோடு தீர்ந்தது. என் தாத்தா குடும்பம் லெபோ பாசாரில், அவர் வாயில் எப்போதும் மார்க்கெட் ஸ்திரீட், ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. 2000-ல் புது வாடகையைக் கேட்டுவிட்டு அந்த மாதமே கடல் தாண்டி புக்கிட் மெர்தாஜாமுக்குப் போய்விட்டார்கள். அந்த வரிசையில் அப்படிப் போனவர்கள் பலர்.

எட்டு ஆண்டு கழித்து, 2008 ஜூலையில், மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கட்டடத்தைக் காக்க விதி வந்தது. பூக்கட்டுபவரையும் நகைப் பட்டறை ஆசாரியையும் மாவு மில்காரரையும் அந்த இடத்திலேயே இருக்கவைக்க விதி வரவில்லை. நான் பயணிகளிடம் காட்டுவது அவர்களைத்தான், சுவரை மட்டும் யாரும் இவ்வளவு தூரம் பறந்து வந்து பார்ப்பதில்லை. வாடகைச் சட்டத்தை நீக்கும்போது இதை யாராவது எழுத்தில் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன். தாத்தாவுக்கு அப்படி எழுதிக் கொடுக்கலாம் என்றே தெரியாது.

சரி, எப்போது, எங்கே எழுதிக் கொடுப்பது?

மசோதா மக்களவையில் மூன்று வாசிப்பு, பிறகு மேலவை, பிறகு மாமன்னரின் ஒப்புதல், அரசிதழ் என்று போகும். நடப்புக்கு வரும் தேதியை அமைச்சர் தனியாக அறிவிப்பார். மக்களவைக்கு வந்த பிறகு பேசலாம், ஆனால் அதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். வரைவு நிலையிலேயே கருத்துக் கேட்கும் ஒருங்கிணைந்த இணையத்தளம் ஒன்றை மலேசிய உற்பத்தித்திறன் கழகம் நடத்துகிறது. அமைச்சுகள் தங்கள் வரைவுகளை அங்கே வைக்கின்றன. மாதம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

மலாய் அவ்வளவு நன்றாக எழுத வராதே?

அழகாக எழுத வேண்டாம். தேதி, தொகை, நடந்தது, என்ன வேண்டும், இவை போதும். அத்தை எனக்குத் தமிழில் சொல்லச் சொல்ல நான் மலாயில் எழுதினேன். ஆறு வரிதான் வந்தது. எந்த நாளில் கட்டினார், எத்தனை முறை தேதி தள்ளிப்போனது, தீர்ப்பாயம் என்ன சொன்னது, இன்னும் 2,700 ரிங்கிட் வரவில்லை, பயணிகள் பணத்துக்கு ஒரு நிதி வேண்டும். கையெழுத்துப் போட்டு, ரசீதின் நகலை இணைத்து, மையத்தில் அவரே கொடுத்தார்.